இடிந்த கோட்டையும் ஒரு பென்னி ஸ்டாம்பும்: எலன் டோனன் தபால் அட்டை ஒன்றின் காலத்தைக் கண்டறிதல்

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஸ்காட்லாந்துக் குடும்பம் ஒன்றின் ஆல்பத்தில் இருந்த படத் தபால் அட்டை. படத்தில் நீர் சூழ்ந்த சிறு பாறைத் தீவு, அதன்மேல் கூரையில்லாத சுவர்த் துண்டுகள், பின்னால் மலைகள். அடியில் வெள்ளை எழுத்தில் எலன் டோனன் கோட்டை, லாக் டூயிக் என்று தலைப்பு. பதிப்பாளர் பெயரோ வரிசை எண்ணோ இல்லை. பின்பக்கத்தில் ஒரு பென்னி சிவப்பு ஸ்டாம்ப், பாதி அழிந்த முத்திரை, கிளாஸ்கோ முகவரி, எட்டு வரிச் செய்தி. ஓரத்தில் வேறொரு கையில், பென்சிலில், 1912 என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

முதல் உலகப் போருக்கு முன், திருமணமான புதிதில் மேற்குக் கரைக்குப் பயணம் போன கொள்ளுத்தாத்தா தன் தாயாருக்கு எழுதியது என்று குடும்பத்தில் சொல்லப்பட்டு வந்தது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது படம்தான். கோட்டை இடிந்து கிடக்கிறது, ஆகவே அதைத் திரும்பக் கட்டுவதற்கு முன் அனுப்பிய அட்டை. பென்சில் குறிப்பும் இதே யோசனையில் பிறந்ததாகவே தெரிகிறது. அப்படியானால் அது கதைக்குத் தனிச் சாட்சி ஆகாது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அட்டை தபாலில் போடப்பட்டது 1927 ஆகஸ்ட் 18. படம் எடுத்தது அதற்குப் பல ஆண்டுகள் முன்பு. ஒரு தபால் அட்டைக்கு மூன்று தேதிகள் உண்டு: கேமரா பார்த்த நாள், அச்சகத்திலிருந்து வெளிவந்த நாள், தபால்பெட்டியில் விழுந்த நாள். இவற்றை ஒன்றாக்கிக் குழப்புவதால்தான் குடும்ப ஆல்பங்களில் தவறான ஆண்டுகள் ஏறிவிடுகின்றன.

கோட்டை சொல்வது

எலன் டோனன் இருப்பது ஸ்காட்லாந்தின் மேற்கு மலைநாட்டில், டோர்னி கிராமத்தை ஒட்டி, லாக் டூயிக், லாக் லாங், லாக் ஆல்ஷ் என்ற மூன்று கடல்கழிகள் கூடும் இடத்தில். 13ஆம் நூற்றாண்டில் அங்கே முதல் கோட்டை எழுந்தது. பிறகு கின்டெய்ல் மெக்கென்சிகளின் கையில் இருந்தது. அவர்களுக்காகக் காவல் காத்தவர்கள் மெக்ரே குலத்தார். 1719இல், அரியணை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்தை மீண்டும் அமர்த்த முயன்ற ஜேக்கபைட் கிளர்ச்சிக்கு உதவ வந்த ஸ்பானிய வீரர்கள் சிலர் கோட்டைக்குள் இருந்தார்கள். அந்த ஆண்டு மே 10ஆம் தேதி பிரிட்டிஷ் கடற்படையின் வொர்செஸ்டர், என்டர்பிரைஸ், ஃபிளாம்பரோ என்ற மூன்று கப்பல்கள் குண்டு பொழிந்து கோட்டையைப் பிடித்தன. உள்ளே கிடைத்த வெடிமருந்துப் பீப்பாய்களைக் கொண்டே சுவர்களைத் தகர்த்தார்கள். அதன் பிறகு ஏறக்குறைய 200 ஆண்டுகள் அது வெறும் கல்மேடு.

1911இல் ஜான் மெக்ரே கில்ஸ்ட்ராப் என்ற ராணுவ அதிகாரி தீவை வாங்கினார். கட்டுமானத்தின் பெரும்பகுதி போருக்குப் பிறகு 1919 முதல் 1932 வரை நடந்தது. எடின்பரோ கட்டடக் கலைஞர் ஜார்ஜ் மேக்கி வாட்சன் வரைபடம் தந்தார். தளத்தில் வேலையை நடத்தியவர் ஃபார்குஹர் மெக்ரே. இன்று நாட்காட்டிகளில் காணும் அந்த வளைவுக் கல்பாலம் பழங்காலத்தது இல்லை, இந்தப் புனரமைப்பில் சேர்ந்தது.

ஆகவே காலம் கணிக்க இந்தக் கோட்டை தரும் வசதி மிகப் பெரியது. எடின்பரோ கோட்டைப் படத்தையோ டனாட்டர் இடிபாட்டின் படத்தையோ வைத்துக்கொண்டு 1905ஆ 1935ஆ என்று சொல்வது கடினம். எலன் டோனனில் இடிபாடு, சாரம் கட்டிய நிலை, முழுக் கோட்டை என மூன்று தெளிவான கட்டங்கள் உண்டு. மேற்குக் கரையில் இதேபோல உதவும் கோட்டைகள் இன்னும் சில இருக்கின்றன. மல் தீவின் டுவார்ட் கோட்டையை சர் ஃபிட்ஸ்ராய் மெக்லீன் 1911இல் வாங்கிச் சீரமைத்தார். கூரையில்லாத டுவார்ட் என்றால் படம் அதற்கு முந்தியது. பாரா தீவின் கிசிமுல் கோட்டையை ராபர்ட் லிஸ்டர் மெக்நீல் 1937இல் வாங்கினார், வேலை முடிந்தது 1970இல். அப்பின் கரையோரத்து ஸ்டாக்கர் கோட்டைக்கு 1965க்குப் பிறகுதான் மீண்டும் கூரை வந்தது. லாக் ஆ ஏரியின் கில்சர்ன் இன்றுவரை இடிபாடே, அதனால் அது இந்த வகையில் உதவாது.

இந்த ஐந்தும் நீரை ஒட்டியவை. சிறு படத்தில் ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிட இடம் உண்டு, அச்சிட்ட தலைப்பும் சில சமயம் தவறும். எனவே கோட்டையை விட்டுவிட்டுப் பின்னணி மலைகளின் விளிம்பைத்தான் முதலில் ஒப்பிட வேண்டும். சுவர் மாறும், மரம் வளரும், மலைக்கோடு மாறாது. ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து நிறுவனத்தின் படத் தொகுப்பில் இருந்து பழைய படம் ஒன்றை எடுத்து, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் போதும். மலைக்கோடு பொருந்தாமல், படத்தை இடவலமாகத் திருப்பியதும் பொருந்தினால் நெகட்டிவை முன்பின்னாகப் புரட்டி வைத்து அச்சிட்டிருக்கிறார்கள் என்று பொருள். இது அரிதான பிழை இல்லை. தலைப்பின் எழுத்துக்கூட்டலும் பழைய அட்டைகளில் மாறி வரும். எல்லன்டோனன் என்று ஒரே சொல்லாகச் சேர்த்து அச்சிட்டவையும் உண்டு. தொகுப்பில் தேடும்போது எல்லா வடிவங்களையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

எடுத்துக்கொண்ட அட்டையில் மலைக்கோடு பொருந்துகிறது. தீவுக்கும் கரைக்கும் இடைப்பட்ட பகுதி படச் சட்டத்துக்குள் முழுமையாகத் தெரிகிறது. கடல் வற்றிய நேரம், பாசி படிந்த கற்கள் வெளியே நிற்கின்றன, பாலம் இல்லை, அதன் தூண்களுக்கான வேலையும் இல்லை. இதில் ஒரு கவனம் தேவை. பாலம் படத்தில் இல்லை என்பதும் பாலமே அப்போது இல்லை என்பதும் வேறு வேறு. பாலம் நிற்கவேண்டிய இடம் சட்டத்துக்குள் வந்தால் மட்டுமே அதைச் சான்றாகக் கொள்ளலாம். தீவைக் கடல் பக்கத்திலிருந்து எடுத்த படத்தில் பாலம் கோட்டைக்குப் பின்னால் மறைந்திருக்கக்கூடும். இங்கே அந்தச் சிக்கல் இல்லை. சாரமோ, கல் குவியலோ, வேலைக் கொட்டகையோ எதுவும் தெரியவில்லை. ஆகவே படம் 1919க்கு முந்தியது என்பது உறுதி, 1911க்கும் முந்தியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

குடும்பம் நின்றது இந்த இடத்தில்தான். இதுவரை அவர்கள் சொன்னதில் தவறில்லை. படத்துக்குச் சரியான கணிப்பை அட்டைக்கும் ஏற்றியதுதான் பிழை.

அட்டையும் அச்சும்

அளவு 138 மில்லிமீட்டர் நீளம், 88 மில்லிமீட்டர் அகலம். பிரிட்டனில் தனியார் அச்சிட்ட அட்டைகளில் ஸ்டாம்ப் ஒட்டி அனுப்ப 1894 செப்டம்பரில் அனுமதி வந்தது. ஐந்தரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம் என்ற முழு அளவு 1899 நவம்பரில் வந்தது. அதற்கு முந்தையவை கொஞ்சம் குட்டையானவை. பின்பக்கத்தை நடுக்கோட்டால் பிரித்து இடப்பக்கம் செய்தியும் வலப்பக்கம் முகவரியும் எழுத 1902இல்தான் அனுமதித்தார்கள். அதற்கு முன் பின்பக்கம் முழுவதும் முகவரிக்கே. செய்தியைப் படத்தின் வெள்ளை ஓரத்தில் நெருக்கி எழுதினார்கள். இந்த அட்டையில் நடுக்கோடு இருக்கிறது. ஆகவே 1902க்கு முன் அச்சானது இல்லை. இந்த விதி பிரிட்டனுக்கு மட்டும் உரியது. அமெரிக்காவில் 1907 மார்ச்சில்தான் இது வந்தது. பிற நாட்டு அட்டைக்கு பிரிட்டன் தேதியைப் போட்டால் கணக்கு பிசகும்.

அடுத்தது அச்சு முறை. பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் போதும். வானம் போல வெளிறிய இடத்தையும் சுவர் நிழல் போல இருண்ட இடத்தையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும். ஒழுங்கான வரிசையில் புள்ளிகள் தெரிந்தால் ஹாஃப்டோன். புள்ளி வரிசை இல்லாமல் புழு நெளிந்ததுபோல நுண்ணிய சுருக்கங்கள் தெரிந்தால் கொலோடைப். ஜெலட்டின் படலம் உலரும்போது விழும் சுருக்கத்திலிருந்து நேரே அச்சு எடுப்பதால் அந்தத் தோற்றம். புள்ளியும் இல்லை, சுருக்கமும் இல்லை, கறுப்பு இழையிழையாக வெளுப்பில் கலக்கிறது என்றால் அது புகைப்படத் தாளிலேயே எடுத்த ரியல் போட்டோ. அதன் இருண்ட பகுதிகளைச் சாய்த்துப் பார்த்தால் ஓரங்களில் வெள்ளி பளபளப்பு தெரியும். அது படத்திலுள்ள வெள்ளி மேற்பரப்புக்கு வந்து படிவதால் வருவது. துடைத்தால் படமும் சேர்ந்து போகும், தொடக்கூடாது.

நம் அட்டை கொலோடைப். அந்த முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இரு போர்களுக்கு இடைப்பட்ட காலம் வரை பரவலாகப் புழங்கியது, ஆண்டைக் குறுக்க உதவாது. பின்பக்கத்தில் ஜெர்மனி, சாக்ஸனி என்ற பெயர் எதுவும் இல்லை. 1914க்கு முன் பிரிட்டிஷ் பதிப்பாளர்கள் பலர் வண்ண அட்டைகளை அங்கே அச்சடித்தார்கள், போர் அதை நிறுத்தியது. அந்தப் பெயர் இருந்திருந்தால் அச்சு போருக்கு முந்தியது என்று சாய்ந்திருக்கலாம். இல்லாததை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

மறுபதிப்பா என்று பார்க்கப் புற ஊதா விளக்கு உதவும். தாளை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்பொருள்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் காகித ஆலைகளில் பரவலாயின. இருட்டறையில் விளக்கைக் காட்டும்போது அட்டை பளீரென்று நீல வெண்மையாக மின்னினால் 1950க்குப் பிந்திய தாள் என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த அட்டை மங்கிய பழுப்பாகவே இருந்தது. பார்வையைச் சில நொடிகளில் முடித்துவிட வேண்டும். அந்த ஒளி மைக்கும் கண்ணுக்கும் கேடு.

பதிப்பாளர் பெயர் இருந்திருந்தால் வழி சுலபமாகியிருக்கும். டண்டீ நகரத்து வேலன்டைன் நிறுவனத்தின் அட்டைகளில் ஜே.வி. என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும் இருக்கும். அந்நிறுவனத்தின் படத் தொகுப்பு செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது; எண்ணைக்கொண்டு படம் எந்தக் காலத்தில் பதிவானது என்று தேடலாம். அபர்தீன் ஜார்ஜ் வாஷிங்டன் வில்சன் நிறுவனத்தின் கண்ணாடி நெகட்டிவ்கள் அபர்தீன் பல்கலைக்கழகத்தில் உள்ளன. லண்டன் ரஃபேல் டக் நிறுவனத்தின் ஆவணங்கள் 1940 டிசம்பர் 29 இரவு விமானக் குண்டுவீச்சில் எரிந்துபோயின. அந்த அட்டைகளுக்குச் சேகரிப்பாளர்கள் தொகுத்த பட்டியல்களே கதி. எது கிடைத்தாலும், எண் சொல்வது படத்தின் பதிவுக் காலத்தை மட்டுமே. விற்கிற படத்தை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப அச்சடித்தார்கள். 1880களின் நெகட்டிவிலிருந்து 1900களில் அட்டை போட்டதும் உண்டு.

வண்ண அட்டையாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. வண்ணம் பூசியவர் அந்த இடத்தையே பார்த்திருக்க மாட்டார். பகல் படத்தை நீலத்தில் அச்சடித்து மேலே ஒரு நிலவைப் போட்டு நிலவொளிக் காட்சி என்று விற்பது வழக்கம். படகு சேர்ப்பது, ஆளை நீக்குவது எல்லாம் நடந்தது. காலம் கணிக்க எப்போதும் சுவரின் வடிவம் போன்ற புகைப்படப் பகுதியையே நம்ப வேண்டும், நிறத்தை நம்பக்கூடாது.

ஸ்டாம்பும் முத்திரையும்

வழக்கைத் தீர்த்தது பின்பக்கம்தான்.

ஸ்டாம்ப் ஐந்தாம் ஜார்ஜின் பக்கவாட்டு முகம் கொண்ட சிவப்பு ஒரு பென்னி. அந்த வடிவம் 1912இல் வந்தது. லென்ஸில் பார்த்தால் முகத்துக்குப் பின்னால் மெல்லிய கோடுகளால் ஆன நிழல் தெரிகிறது. 1934இல் போட்டோகிராவூர் என்ற வேறொரு அச்சு முறைக்கு மாறியபோது பின்னணி கோடில்லாமல் நிறைந்துவிட்டது. ஆகவே ஸ்டாம்ப் 1912 முதல் 1934 வரையான அச்சு. ஸ்டாம்பை நனைத்து எடுத்து, தாளுக்குள்ளேயே பதிந்த வாட்டர்மார்க் குறியைப் பார்த்தால் 1924க்கு முன்னா பின்னா என்றுகூடச் சொல்லிவிடலாம், ஆனால் செய்யக்கூடாது. ஸ்டாம்பும் முத்திரையும் அட்டையும் சேர்ந்திருப்பதே சான்று. பிரித்தால் மூன்றும் தனித்தனியாக மதிப்பிழக்கும்.

அடுத்து கட்டணம். பிரிட்டனுக்குள் போகும் தபால் அட்டைக்கு 1870 முதல் அரைப் பென்னிதான். 1918 ஜூன் 3இல் அது ஒரு பென்னி ஆனது. 1921 ஜூனில் ஒன்றரைப் பென்னி. பலத்த எதிர்ப்பு வந்து 1922 மே இறுதியில் மீண்டும் ஒரு பென்னிக்கு இறங்கியது, 1940 மே வரை அப்படியே நின்றது. எட்டு வரிச் செய்தியோடு கிளாஸ்கோவுக்குப் போன அட்டையில் ஒரு பென்னி ஒட்டியிருக்கிறது என்றால், 1918 ஜூன் முதல் 1921 ஜூன் வரை, அல்லது 1922 மே இறுதிக்குப் பின். 1912இல் ஒட்டியிருந்தால் இரு மடங்கு கட்டணம் கொடுத்ததாக ஆகும். அரைப் பென்னி பச்சை ஸ்டாம்ப் எல்லாக் கடைகளிலும் கிடைத்த காலத்தில் அதை யாரும் எளிதில் செய்யமாட்டார்கள். போருக்கு முந்தியது என்ற கதை இங்கேயே ஆட்டம் காண்கிறது.

மறுபக்கமாகவும் ஒரு பொறி உண்டு. 1918க்குப் பிறகும் அரைப் பென்னி ஒட்டிய அட்டைகள் சரியானவையாக இருக்கலாம். ஐந்து சொல்லுக்கு மிகாத வாழ்த்து மட்டும் எழுதிய அட்டை அச்சுப் பொருள் கட்டணத்தில் போகலாம் என்ற விதி இருந்தது. அரைப் பென்னி என்றதும் 1918க்கு முன் என்று எழுதிவிடாமல் சொற்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முத்திரையை வாசிக்க 1200 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 1200 புள்ளி, ஸ்கேன் எடுத்து, படத் திருத்த மென்பொருளில் சிவப்பு சேனலை, அதாவது படத்தின் சிவப்பு நிறக் கூறை, மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். சிவப்பு ஸ்டாம்ப் ஏறக்குறைய வெளுத்து மறைந்துவிடும், கறுப்பு முத்திரை மை மட்டும் நிற்கும். பச்சை ஸ்டாம்ப் என்றால் பச்சை சேனல். அதோடு ஒரு விளக்கை மேசையோடு மேசையாகத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடித்துப் படமெடுத்தால், மை படியாத இடத்திலும் முத்திரை அழுந்திய பள்ளம் தெரியும். இந்த இரண்டிலும் கிடைத்தது: மேல் வளைவில் கைல் ஆஃப் லொகால்ஷ், நடுவில் 18, அடுத்து ஆகஸ்டைக் குறிக்கும் ஏ, யு என்ற இரு ஆங்கில எழுத்துகள், ஆண்டில் 2 என்ற முதல் இலக்கம். இரண்டாம் இலக்கம் மை அப்பிப்போய்ப் படிக்கவே முடியாது. மாதக் குறிகளில் ஜூனும் ஜூலையும்தான் அதிகம் குழப்பும், ஆகஸ்ட் தெளிவு.

கைல் ஆஃப் லொகால்ஷ் 1897இல் ரயில் வந்த கரையோர ஊர், டோர்னிப் பக்கம் போய்வருபவர்கள் ரயிலேறும் இடம். அங்கே தபாலில் போட்டது இயல்பானது.

ஆண்டின் கடைசி இலக்கத்தைத் தந்தது செய்தியின் தலையில் இருக்கும் மூன்றே துணுக்குகள்: வியாழன் என்பதன் சுருக்கம், 18, பின் ஒரு கோடு. விடுமுறையில் எழுதுபவர்கள் பெரும்பாலும் ஆண்டைப் போடுவதில்லை, கிழமையைப் போடுவார்கள். அந்தக் கிழமை பொன். 1920 முதல் 1929 வரை ஆகஸ்ட் 18 விழுந்த கிழமைகள் இவை: 1920 புதன், 1921 வியாழன், 1922 வெள்ளி, 1923 சனி, 1924 திங்கள், 1925 செவ்வாய், 1926 புதன், 1927 வியாழன், 1928 சனி, 1929 ஞாயிறு. மிஞ்சுவது 1921, 1927 இரண்டுதான்.

1921 ஆகஸ்டில் கட்டணம் ஒன்றரைப் பென்னி. ஒரு பென்னி மட்டும் ஒட்டியிருந்தால் அரைப் பென்னி குறைவு. பெறுபவரிடம் குறைவின் இரு மடங்கை வசூலிப்பார்கள், அட்டையில் அதற்கான முத்திரையோ 1914 முதல் புழங்கிய வசூல் ஸ்டாம்போ விழும். இங்கே அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் அவசரப்படக் கூடாது. பக்கத்தில் ஒட்டியிருந்த அரைப் பென்னி ஸ்டாம்ப் உதிர்ந்திருந்தால்? அதற்கு மூன்று அடையாளங்களைத் தேட வேண்டும்: வெளிறாத நீள்சதுரம், காய்ந்த பசையின் பளபளப்பு, திடீரென்று வெட்டுப்பட்டதுபோல நிற்கும் முத்திரை வளையம். இந்த அட்டையில் முத்திரையின் இடப் பாதி ஸ்டாம்புக்கு வெளியே அட்டைமீது அறுபடாமல் ஓடுகிறது. புற ஊதா விளக்கிலும் பசைத் தடம் இல்லை. ஒரே ஸ்டாம்ப்தான். 1921 விழுந்தது, 1927 நின்றது.

கட்டணக் குறைவு தபால்காரர் கண்ணில் படாமல் போகலாம், எழுதியவர் கிழமையைத் தவறாகவும் போட்டிருக்கலாம். ஆகவே ஆவணத்தில் 1927 என்பதற்குப் பக்கத்தில் ‘பெரும்பாலும் உறுதி’ என்று எழுதுவதே நேர்மை. 1920களில் அனுப்பியது என்பதோ முழு உறுதி.

இனி இடிபாட்டுப் படம் 1927இல் எப்படி வந்தது என்ற கேள்வி தானே அவிழ்கிறது. அப்போது தீவில் கட்டுமானம் முடியாமல் நடந்துகொண்டிருந்தது. சாரமும் கல் குவியலுமான காட்சியைச் சுற்றுலா வந்தவர்கள் அட்டையாக வாங்க விரும்பியிருக்கமாட்டார்கள். கடையில் பழைய இருப்பு இருந்தது, இல்லையென்றால் பழைய படத்தையே மறுபடி அச்சடித்தார்கள். இடிந்த கோட்டைதான் அன்றைய ரசனைக்கு ஏற்ற படம்.

செய்தியும் முகவரியும்

செய்தி பென்சிலில் எழுதப்பட்டது. மழை, தங்கிய வீடு, படகில் கடந்தது, சனிக்கிழமை திரும்புவது. கடைசியில் ஒற்றை எழுத்துக் கையொப்பம். படகில் கடந்தது என்பதைத் தீவுக்குப் படகில் போனதாகக் குடும்பம் புரிந்துகொண்டிருந்தது. டோர்னியில் லாக் லாங்கைக் கடக்கும் பாலம் 1940இல்தான் திறந்தது. அதுவரை கைல் பக்கமிருந்து சாலையில் வருபவர்கள் அங்கே படகில்தான் கடக்க வேண்டும். ஆகவே அந்த வரி கோட்டைக்குள் போனதற்குச் சாட்சி இல்லை. எழுதியவர் கோட்டையைத் தூரத்திலிருந்து மட்டும் பார்த்திருக்கலாம்.

பெறுபவர் பெயர் திருமதி என்ற அடைமொழியோடு, கணவரின் முதலெழுத்தும் குடும்பப் பெயருமாக இருக்கிறது. அந்தக் கால வழக்கம் இது. அந்த எழுத்தை அவருடைய சொந்தப் பெயரின் முதலெழுத்தாக எடுத்துக்கொண்டு தேடினால் வேறொரு பெண்ணிடம் போய் நிற்கும். சரியான வழி முகவரியிலிருந்து தொடங்குவது. ஸ்காட்லாந்தின் சொத்து மதிப்பீட்டுப் பதிவேடுகள் ஸ்காட்லண்ட்ஸ் பீப்பிள் தளத்தில் கிடைக்கின்றன. 1927க்கு இருபுறமும் இருக்கும் 1925, 1930 பதிவேடுகளில் அந்தத் தெருவையும் கதவு எண்ணையும் பார்க்க வேண்டும். உரிமையாளர், குடியிருப்பவர், ஆண்டு வாடகை எல்லாம் இருக்கும். ஆனால் வீட்டுத் தலைவரின் பெயர் மட்டும்தான் வரும், மனைவி மக்கள் வரமாட்டார்கள். வீட்டில் இருந்தவர்கள் எல்லோரையும் காட்டுவது 1921 ஜூன் 19 அன்று எடுத்த மக்கள்தொகைக் கணக்கு. அது 2022இல் பொதுப் பார்வைக்குத் திறந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பெறுபவர் யார் என்று சொல்ல முடியும். இந்த வழக்கில் 1925 பதிவேட்டில் அந்தக் கதவு எண்ணில் அதே குடும்பப் பெயரும் அதே முதலெழுத்தும் இருக்கின்றன. ஆகவே பெறுபவர் அந்த வீட்டின் மனைவி என்பது வலுவான கணிப்பு.

அனுப்பியவர் யார் என்பது இன்னும் திறந்தே இருக்கிறது. ஒற்றை எழுத்து கொள்ளுத்தாத்தாவின் பெயருக்கும் பொருந்துகிறது, அந்த வீட்டில் 1921இல் இருந்த பிள்ளைகளில் ஒருவருக்கும் பொருந்துகிறது. கையெழுத்து ஒப்பீடு செய்யலாம், ஆனால் எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். ஸ்காட்லாந்தின் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளில் தகவல் தந்தவர் தானே கையொப்பமிட்டார். திருமணத்துக்கு மணமக்கள் தனிப் படிவத்தில் கையொப்பமிட, பதிவாளர் அதைப் பதிவேட்டில் தன் கையால் நகலெடுத்தார். திருமணப் பதிவில் தெரியும் பெயரை மணமகனின் கையெழுத்து என்று எண்ணி ஒப்பிடுவது வீண். பிள்ளை பிறந்ததைப் பதிந்த தந்தையின் கையொப்பம்தான் நல்ல மாதிரி. அதிலும் ஒரு பெயரை மட்டும் வைத்து முடிவு சொல்லாமல், எட்டு வரிகளுக்கு ஈடான அளவு எழுத்து கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

அட்டையைக் கையாளுதலும் பதிவும்

ஆல்பத்தில் மூலைச் செருகலில் இருந்த அட்டையை மூலைகளை மெல்ல விலக்கி எடுத்தாயிற்று. பசையால் ஒட்டியிருந்தால் நிலைமை வேறு. நீராவி காட்டுவது, ஹேர் டிரையர் பிடிப்பது, கத்தியை நுழைத்து நெம்புவது மூன்றும் பின்பக்கத்துத் தாளைப் பிளந்துவிடும், செய்தியின் பாதி ஆல்பத்தோடு போய்விடும். நன்றாக ஒட்டிய அட்டையை அப்படியே விட்டுவிட்டு முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் எடுப்பது மேல். பின்பக்கம் கட்டாயம் வேண்டுமென்றால் காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்.

ஸ்கேன் இரு பக்கமும் 600 டிபிஐ, முழு வண்ணம், டிஃப் கோப்பு. தானாகத் திருத்தும் எல்லா வசதிகளையும் அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் மங்கலான பென்சில் கோடுகளை அழுக்கு என்று மென்பொருளே துடைத்துவிடும். நான்கு ஓரங்களும் தெரியும்படி சற்று வெளியே விட்டு எடுக்க வேண்டும், ஓரம் வெட்டப்பட்டிருக்கிறதா என்பதும் சான்று. பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து ஒரு படம். மங்கிய பழுப்பு மையில் எழுதிய செய்தி என்றால் நீல சேனலைத் தனியாகப் பார்த்தால் எழுத்து இருண்டு வரும். பென்சிலுக்கு அது பயன்படாது, தாழ்ந்த பக்கவாட்டு ஒளியே உதவும்.

பாதுகாக்க ஒளிபுகும் பாலியஸ்டர் உறை. பிவிசி உறை கூடாது. அதிலிருந்து கசியும் பொருள் அட்டையில் ஒட்டிப் படத்தைப் பிய்க்கும். உறைகளை அமிலமில்லாத பெட்டியில் நெட்டுக்குத்தாக, வளையாதபடி நெருக்கி வைக்கலாம். குளிர்ச்சியும் 30 முதல் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள, வெயில் படாத அறை. புதிய குறிப்பு எதையும் அட்டைமேல் எழுதக் கூடாது. அந்த 1912 என்ற பென்சில் குறிப்பையும் அழிக்கக் கூடாது. அது தவறான ஆண்டு, ஆனால் குடும்பத்தில் ஒருவர் ஒரு காலத்தில் என்ன நம்பினார் என்பதற்கு அதுவே ஆவணம்.

பட்டியலில் எழுதியது இவ்வாறு. பொருள்: எலன் டோனன் கோட்டை, லாக் டூயிக், மறுகட்டுமானத்துக்கு முந்திய தோற்றம். படம்: 1919க்கு முன், பெரும்பாலும் 1911க்கு முன், பாலம், சாரம் இல்லாமை ஆதாரம். அச்சு: கொலோடைப், பிரித்த பின்பக்கம், 1902க்கும் 1927க்கும் இடையில், பதிப்பாளர் பெயர் இல்லை. அஞ்சல்: கைல் ஆஃப் லொகால்ஷ், ஆகஸ்ட் 18, 1927, பெரும்பாலும் உறுதி, முத்திரை, கிழமை, கட்டணம் ஆதாரம். பெறுபவர்: முகவரி வழி அடையாளம், வலுவான கணிப்பு. அனுப்பியவர்: தீர்மானிக்கப்படவில்லை, 1930 மதிப்பீட்டுப் பதிவேடும், பிறப்புப் பதிவிலுள்ள தந்தையின் கையொப்பமும், குடும்பத்தில் மிஞ்சியுள்ள பிற கடிதங்களும் அடுத்துப் பார்க்க வேண்டியவை.